நச்சில்லாக் கரைப்பானில் நுண்துளைச் சவ்வு வார்க்க முடியுமா? கடலோரக் கிணற்று நீரை முன்வைத்து ஒரு விவாதம்

மணக்குடி டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். வீடு மணக்குடியில், பழையாறு கடலோடு சேரும் பொழிமுகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் எங்கள் கிணற்று நீரில் பருப்பு வேகாது. குடித்தால் நாக்கில் உப்பு நிற்கும். குடிப்பதற்குக் குடம் குடமாக வாங்குகிறோம்.

இந்த ஆண்டு இளநிலை மூன்றாமாண்டு மாணவியர் நால்வருக்குச் சவ்வு வடிப்பு முறையைச் செய்முறைத் திட்டமாகக் கொடுத்திருக்கிறேன். இந்த முறையில், நீரை ஒட்டவிடாத ஒரு பிளாஸ்டிக் சவ்வின் ஒரு பக்கம் சூடான உப்பு நீரும் மறுபக்கம் குளிர்ந்த நன்னீரும் ஓடும். சவ்வின் துளைகளுக்குள் நீர் புகாது, நீராவி மட்டும் கடந்து மறுபக்கம் போய்க் குளிர்ந்து நீராகும். 60 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் ஏறக்குறைய 20 கிலோபாஸ்கல். 30 டிகிரியில் 4 கிலோபாஸ்கலைச் சற்றுத் தாண்டும். இந்த வேறுபாடுதான் ஆவியைத் தள்ளுகிறது. கடல்நீரின் உப்பு ஆவியழுத்தத்தை 2 விழுக்காடு அளவுக்கே குறைப்பதால், ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச் சவ்வூடுபரவலில் செய்வதுபோல் 55, 60 பார் அழுத்தம் கொடுக்கும் பம்பு இதற்குத் தேவையில்லை.

சவ்வை விலைக்கு வாங்காமல் நாங்களே வார்க்கிறோம். நூல்களில் உள்ள வழக்கமான செய்முறை, பிவிடிஎஃப் என்னும் பாலிவினைலிடின் ஃபுளோரைடை என்எம்பி (என்-மெத்தில் பைரோலிடோன்) அல்லது டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, நீர்த்தொட்டியில் அமிழ்த்துவது. உடலுக்குக் கேடான அந்த இரண்டையும் இளம்பெண்கள் நால்வர் வேலை செய்யும் அறைக்குள் கொண்டுவர எனக்கு மனம் வரவில்லை. ஆகவே டிஎம்எஸ்ஓ என்னும் டைமெத்தில் சல்பாக்சைடை எடுத்துக்கொண்டோம். எடையில் 15 விழுக்காடு பிவிடிஎஃப், 60 டிகிரியில் ஆறு மணி நேரம் கலக்கல், 250 மைக்ரான் இடைவெளி கொண்ட கத்தியால் இழுத்தல்.

மார்ச்சில் வார்த்த படலங்கள் நீரில் இறங்கியதும் வெளுத்து, மேற்புறம் மட்டும் பளபளவென்று தோல் கட்டின. குறுக்கே நறுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால், தோலுக்குக் கீழே விரல் விரலாக நீண்ட வெற்றிடங்கள் தெரிந்தன. ஜூனில் மழை பிடித்த பிறகு வார்த்தவை வேறு மாதிரி ஆயின. கண்ணாடியில் இழுத்த படலம் தொட்டிக்குப் போகுமுன்பே, காற்றிலேயே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பால்போல வெளுத்துக்கொண்டு வந்தது. கெட்டுவிட்டது என்று எண்ணி ஐந்தாறு தகடுகளைச் சுரண்டி எறிந்துவிட்டோம். என் கேள்விகள் இரண்டு. நச்சில்லாக் கரைப்பான் என்று எதை நம்பிச் சொல்லலாம்? மழைக்காலத்தில் இந்தக் கரைப்பானை வைத்துக்கொண்டு வார்க்க வழி உண்டா?

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

டீச்சர், நான் மார்த்தாண்டத்துக்காரன். சென்னையில் சவ்வு ஆய்வில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் சுரண்டி எறிந்தவைதான் உங்களுக்கு வேண்டிய சவ்வுகளாக இருந்திருக்கக்கூடும்.

பிவிடிஎஃப் டிஎம்எஸ்ஓவில் கரையும், நீரில் கரையாது. டிஎம்எஸ்ஓவும் நீரும் எந்த அளவிலும் கலக்கும். படலத்தை நீரில் அமிழ்த்தியதும் கரைப்பான் வெளியே ஓடுகிறது, நீர் உள்ளே நுழைகிறது. உள்ளே நீர் ஓர் அளவைத் தாண்டியதும் கரைசல் இரண்டாகப் பிரிகிறது: பிளாஸ்டிக் மிகுந்த பகுதி கெட்டியாகிச் சட்டமாகிறது, பிளாஸ்டிக் குறைந்த பகுதி துளையாகிறது. இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதுதான் சவ்வின் தலையெழுத்து. வெறும் நீர் மிகக் கடுமையான உறைப்பான், அதாவது கரைசலை உறைய வைக்கும் பொருள். மேற்புறம் நொடிப்பொழுதில் இறுகித் தோலாகிவிட, கீழே நீர் ஊசிபோல் குத்திக்கொண்டு இறங்கி விரல் வெற்றிடங்களை உண்டாக்குகிறது. சவ்வு வடிப்புக்குத் தோல் கூடாது, ஆவிக்குத் தடையாகும். விரல் வெற்றிடமும் கூடாது. அதன் அடிவாய் திறந்திருந்தால் உப்பு நீர் அப்படியே கடந்துவிடும்.

காற்றிலேயே வெளுத்த படலத்தில் நடந்தது வேறு. டிஎம்எஸ்ஓ ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஜூன் மாதக் காற்றில் மிதக்கும் ஈரம் படலத்துக்குள் மெதுவாக, பரவலாக இறங்கியிருக்கிறது. பிரிவும் மெதுவாக, மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நடந்திருக்கிறது. இப்படிப் பிறக்கும் சவ்வு பஞ்சு போன்ற துளைகளுடன், தோல் இல்லாமல், சொரசொரப்பான மேற்பரப்புடன் இருக்கும். அந்தச் சொரசொரப்பினால்தான் அது நீரை இன்னும் கூடுதலாக விலக்குகிறது. ஆய்வகங்களில் இதற்கென்று ஈரப்பதம் கட்டுப்படுத்திய பெட்டி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அரபிக்கடல் அதைச் செய்து கொடுக்கிறது. ஒவ்வொரு தகட்டிலும் வார்த்த நேரம், அறை வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் பென்சிலால் குறித்து, காற்றில் 5, 10, 20 நிமிடம் வைத்துவிட்டுப் பின் நீரில் இறக்கிப் பாருங்கள்.

இன்னொன்று: டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் போத்தலை வைத்தால் காலையில் கட்டியாக நிற்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அன்று, வெந்நீரில் நிறுத்தினால் இளகிவிடும்.

தொழில்நலச் செவிலி எழுதியது:

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். தொழிற்சாலைகளில் வேலை செய்வோரின் உடல்நலத்தைப் பார்க்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவள் நான். நச்சில்லாதது என்ற சொல்லை எந்தக் கரைப்பானுக்கும் நிபந்தனையில்லாமல் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. யாருடைய உடலுக்கு, எந்த வழியாக, எவ்வளவு என்று கேட்ட பிறகே அந்தச் சொல்லுக்குப் பொருள் வரும்.

என்எம்பி, டிஎம்எஃப், அதே வகைக் கரைப்பானான டிஎம்ஏசி (டைமெத்தில் அசிட்டமைடு) ஆகிய மூன்றும் கருவில் வளரும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியவை என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் வகைப்படுத்தப்பட்டவை. அங்கே என்எம்பிக்கு 2020 மே 9 முதலும் டிஎம்எஃபுக்கு 2023 டிசம்பர் 12 முதலும் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. வேலை செய்பவர் மூச்சில் போகும் காற்றில் என்எம்பி கனமீட்டருக்கு 14.4 மில்லிகிராமையும் டிஎம்எஃப் 6 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்பதோடு, தோல் வழியாகச் சேரும் அளவுக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். தோலைப் பற்றிய அந்தப் பகுதியைத்தான் நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. முகக்கவசம் போட்டிருப்பார்கள், கையில் ஒன்றும் இருக்காது. டிஎம்எஃப் தோல் வழியாக உடலுக்குள் சென்று கல்லீரலைக் கெடுக்கும்.

டீச்சர் எடுத்துக்கொண்ட டிஎம்எஸ்ஓ அவற்றைவிட மிகவும் மேலானது. ஆனாலும் அதற்கு ஒரு குணம் உண்டு: தோலைத் தடையின்றி ஊடுருவும், ஊடுருவும்போது தன்னில் கரைந்திருக்கும் பிற பொருள்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். அதே மேசையில் காலையில் வேறு வேதிப்பொருளைக் கையாண்டுவிட்டு மாலையில் டிஎம்எஸ்ஓவைத் தொடுவது ஆபத்தானது. பிள்ளைகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். மெல்லிய லேடெக்ஸ் உறையை டிஎம்எஃப் விரைவில் கடந்துவிடும் என்பதையும், பியூட்டைல் ரப்பர் உறை நன்றாகத் தாங்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள். இன்று இல்லாவிட்டாலும் நாளை வேறொரு ஆய்வகத்தில் அவர்களுக்குத் தேவைப்படும்.

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

அக்கா சொல்வது முழுக்க உண்மை. நான் படித்த இடத்தில், பெயர் வேண்டாம், டிஎம்எஃபில் நனைந்த தகட்டை வெறுங்கையால் தூக்குவதைத் திறமை என்று நினைத்தோம். ஓராண்டு கழித்து என் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருந்தன. வேலையை நிறுத்திய மூன்று மாதத்தில் இறங்கின. அதற்குப் பிறகுதான் மாற்றுக் கரைப்பான்களின் பக்கம் வந்தேன்.

நான் கையாண்டவற்றையும் அருகிருந்து பார்த்தவற்றையும் சொல்கிறேன். டிரைஎத்தில் பாஸ்பேட் பிவிடிஎஃபை நன்றாகக் கரைக்கும். டிஎம்எஸ்ஓவைவிட மெதுவாக நீருடன் பரிமாறுவதால் பஞ்சுத்துளை எளிதில் கிடைக்கும். சவ்வு வடிப்புக்கு மட்டும் பார்த்தால் என் முதல் தேர்வு அதுதான். விழுங்கினால் தீங்கு என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு, பாஸ்பரஸும் உண்டு. ஆகவே தொட்டி நீரைக் குளத்தில் விடக் கூடாது. போலார்கிளீன் என்ற பெயரில் விற்கப்படும் கரைப்பான், அறை வெப்பத்தில் பிவிடிஎஃபைக் கரைக்காது. 140 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும், பிறகு ஆறவிட்டால் பிரியும். பனைவெல்லப் பாகு ஆறும்போது பனங்கற்கண்டு கட்டுவதுபோல, இங்கே குளிர்ச்சிதான் உறைப்பான். அசிட்டைல் டிரைபியூட்டைல் சிட்ரேட்டும் இதே வகை, இன்னும் அதிகச் சூடு கேட்கும். உணவு பொதியும் பிளாஸ்டிக்கில் மென்மையூட்டியாகச் சேர்க்கப்படும் பொருள் என்பதால் அதன்மேல் எனக்கு நம்பிக்கை கூடுதல். மரக்கூழின் செல்லுலோசிலிருந்து எடுக்கப்படும் சைரீனில் இத்தாலிய ஆய்வாளர்கள் பிவிடிஎஃப் சவ்வு வார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் அதை ஒரு லிட்டர் வரவழைக்கும் செலவில் டீச்சரின் திட்டம் முழுவதையும் முடித்துவிடலாம்.

இந்தத் துறையின் தொடக்கத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். 1960 வாக்கில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து வார்த்த முதல் பயன்படத்தக்க உப்புநீக்கச் சவ்வு, செல்லுலோஸ் அசிட்டேட்டை அசிட்டோனில் கரைத்துச் செய்தது. டிஎம்எஃப், என்எம்பி எல்லாம் பின்னால் வந்த பிளாஸ்டிக்குகள் கேட்டவை. இன்று நாகர்கோவிலில் வீட்டுக்கு வீடு தொங்கும் ஆர்.ஓ. கருவிக்குள் இருக்கும் சவ்வை எடுத்துப் பிரித்தால், மேலே மிக மெல்லிய பாலியமைடு, நடுவில் நுண்துளைப் பாலிசல்போன், அடியில் பாலியெஸ்டர் துணி என்று மூன்று அடுக்கு இருக்கும். அந்த நடு அடுக்கு பெரும்பாலும் டிஎம்எஃபில் வார்க்கப்பட்டதுதான். நாம் சுத்த நீர் குடிப்பதற்காக வேறு எங்கோ ஒருவர் அதன் ஆவியைச் சுவாசித்திருக்கிறார்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

எனக்கு மூன்று ஏக்கர் ரப்பர் உண்டு, வேதியியலில் பட்டமும் உண்டு. நீங்கள் எல்லாம் எழுதுவதைப் படிக்கும்போது காலை ஷீட் அடிக்கிற வேலைதான் நினைவுக்கு வருகிறது. பால் வெட்டி, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலந்தால் உறைந்து கட்டியாகிறது. ஆசிட் கூடினால் கட்டி விறைத்துப்போகும், குறைந்தால் மறுநாள் வரை கொழகொழவென்று கிடக்கும். இரண்டும் ஒரே வேதியியல் இல்லை என்பது தெரியும். பாலில் மிதக்கும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது வேறு, கரைசல் பிரிவது வேறு. என்றாலும் உறைய வைக்கும் தொழில் என்ற வகையில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஷீட்டைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். உறைந்தபின் டிஷ்ஷில் மிஞ்சும் மஞ்சள் தண்ணீரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். என் அப்பா காலத்தில் அதை ரோலர் அடித்த இடத்திலிருந்து வாய்க்கால் வெட்டி, கமுகுக்கு அடியில் விட்டோம். பதினைந்து ஆண்டு கழித்து, கீழ்த்தட்டில் இருந்த எங்கள் சொந்தக் கிணற்றில் நாற்றம் எடுத்தது. அந்தக் கிணற்றை மூடிவிட்டு மேலே வேறு கிணறு வெட்டினோம். ஆகவே டீச்சரிடம் கேட்கிறேன்: உங்கள் தொட்டித் தண்ணீர் எங்கே போகிறது?

மணக்குடி டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன். கழுவுதொட்டி வழியாக, கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் உறிஞ்சுகுழிக்குத்தான் போகிறது. நேற்று மாணவியரோடு கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டர் படலம், 250 மைக்ரான் தடிமன் என்றால் கால் லிட்டர் கரைசல். அதில் 85 விழுக்காடு கரைப்பான். அதாவது ஒரு சதுர மீட்டர் சவ்வுக்கு 200 மில்லிக்கு மேல் கரைப்பான் முழுக்கத் தொட்டி நீரில் கரைந்துவிடுகிறது; சவ்வில் தங்க வேண்டியது எதுவும் இல்லை. சவ்வைச் செய்கிறோம் என்று சொல்கிறோம், எடையில் பார்த்தால் கழிவுநீரையே செய்கிறோம். கரைப்பானைத் தேர்ந்தெடுத்தபோது பிள்ளைகளின் கையையும் மூச்சையும் நினைத்தேன், குழியை நினைக்கவில்லை. உறிஞ்சுகுழியிலிருந்து இருபது அடியில் விடுதிக் கிணறு இருக்கிறது.

தொழில்நலச் செவிலி எழுதியது:

நீங்கள் இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. ஓர் எச்சரிக்கை: நச்சுத்தன்மை குறைவு என்பதும் நிலத்தடியில் தொல்லை தராது என்பதும் ஒன்றல்ல. என்எம்பி உடலுக்குக் கேடு, ஆனால் நுண்ணுயிர்கள் அதை எளிதில் தின்றுவிடும். டிஎம்எஸ்ஓ உடலுக்கு மென்மையானது. காற்றுப் படாத குழியில் நுண்ணுயிர்கள் அதை டைமெத்தில் சல்பைடாக மாற்றினால் அழுகிய முட்டைக்கோசு போல நாறும், மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். குழியில் விடுவதை நிறுத்திவிடுங்கள்.

வடித்து வரும் நீரை டிடிஎஸ் மீட்டரால் மட்டும் சோதித்துக் குடிக்கலாம் என்று முடிவு செய்யவும் கூடாது. அந்த மீட்டர் நீரின் மின்கடத்து திறனைத்தான் அளக்கிறது. உப்பு அயனிகளாகப் பிரிவதால் தெரியும். டிஎம்எஸ்ஓவும் என்எம்பியும் டிஎம்எஃபும் அயனியாகாதவை. ஒரு குவளையில் ஒரு தேக்கரண்டி கலந்திருந்தாலும் மீட்டரில் எண் ஏறாது. சவ்வின் உள்ளே தங்கிப்போன கரைப்பான் முதல் சில நாள்களில் நன்னீர்ப் பக்கம் கசியலாம். புதிய சவ்வைப் பல முறை நீர் மாற்றி ஊறவைத்து, முதல் வடிநீரைக் கொட்டிவிட்டு, கரிமக் கார்பன் அளவைப் பார்க்க வசதியுள்ள ஆய்வகத்துக்கு ஒரு மாதிரியை அனுப்புங்கள்.

முட்டம் படகு எழுதியது:

நாங்கள் கடல் தொழில் செய்கிறவர்கள். ஒரு கேள்விதான். இது எவ்வளவு தண்ணீர் தரும்? துறைமுகத்துக்குள் இருக்கும் கடல்நீரை எடுத்துச் செய்ய முடியுமா?

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

அண்ணாச்சி, நேரடியாகச் சொல்கிறேன். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வேண்டும். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 650 யூனிட்டுக்கு மேல் வெப்பம். கடல்நீர் ஆர்.ஓ. ஆலைகள் அதே ஆயிரம் லிட்டரை 3, 4 யூனிட் மின்சாரத்தில் முடித்துவிடுகின்றன. நெம்மேலியில் 2013 முதல் ஓடும், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை ஆர்.ஓ. முறைதான். ஓர் ஊருக்கே நீர் தர அதுதான் வழி. சவ்வு வடிப்பு, வெப்பம் சும்மா கிடைக்கும் இடத்துக்கு உரியது. நம் கடற்கரையில் ஒரு சதுர மீட்டரில் நாளைக்குச் சுமார் 5 யூனிட் வெயில் விழுகிறது. பாதி பயன்பட்டால், ஆவியின் வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காத எளிய அமைப்பில், 4 லிட்டர் அளவுக்கு நீர் கிடைக்கும். இரண்டு சதுர மீட்டர் தகடு இருந்தால் ஒரு சிறு குடும்பத்தின் குடிநீர். அதற்குமேல் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

துறைமுக நீரை எடுக்க வேண்டாம். சவ்வின் துளை 0.2 மைக்ரான் விட்டமும் நீர் அதன்மேல் நிற்கும் கோணம் 110 டிகிரியும் என்றால், துளைக்குள் நீரைத் தள்ள 5 பாருக்குச் சற்றுக் குறைந்த அழுத்தம் வேண்டும். துளை 1 மைக்ரான் ஆனால் 1 பார் போதும். ஆகவே ஒரே ஒரு பெரிய துளை இருந்தால்கூட அந்த இடத்தில் கசியும். டீசலும் மீன் எண்ணெயும் சோப்பும் கலந்த நீரில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அவை பரப்பு இழுவிசையைக் குறைத்துச் சவ்வை நனைத்துவிடும்; ஒரு முறை நனைந்த துளை உப்பு நீரை வடிகட்டாமல் விடும். மணல் வழியாக வந்த கிணற்று நீர் இதற்கு எவ்வளவோ மேல்.

புத்தளம் உப்பளம் எழுதியது:

மூன்று தலைமுறையாக உப்பளத்தில் இருக்கிறோம். இரண்டு செய்தி சொல்ல வேண்டும்.

ஒன்று, நீரைச் சூடாக்கிச் சுண்ட வைத்தால் முதலில் படிவது உப்பு அன்று. எங்கள் பாத்திகளில் கரைசல் 13 டிகிரி பாமே (கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) தாண்டும்போதே ஜிப்சம் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். உப்பு விழுவது 25ஐத் தாண்டித்தான். மணக்குடிக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். டீச்சரின் சவ்வில் ஒரே நீரைத் திரும்பத் திரும்ப ஓட்டினால், நுண்துளை வாய்களில் அந்த ஊசிகள் குத்தி நிற்கும். மிஞ்சிய நீரை எவ்வளவு தூரம் சுண்டவிடலாம் என்பதை உப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஜிப்சத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, உங்கள் தொட்டித் தண்ணீர். அதை ஏன் எங்களைப்போல வெயிலில் சுண்ட வைக்கக் கூடாது? கறுப்புத் தட்டில் ஒரு சாண் உயரம் ஊற்றி, மழை படாமல் கண்ணாடி மூடி, இரு பக்கமும் காற்றோட்டம் விட்டு வைத்தால், தண்ணீர் போய்விடும். உங்கள் மருந்து தங்கும் அல்லவா?

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

அண்ணாச்சி, இதை நான் யோசித்ததே இல்லை. டிஎம்எஸ்ஓவின் கொதிநிலை 189 டிகிரி. வெயிலில் தண்ணீர்தான் போகும், டிஎம்எஸ்ஓ பெரும்பகுதி தங்கும். ஆனால் ஓர் எல்லை உண்டு. அது ஈரத்தை விடாத பொருள் என்பதால், செறிவு ஓரளவுக்கு ஏறியதும் காற்றின் ஈரப்பதத்தோடு சமநிலை கண்டு அங்கேயே நின்றுவிடும். முழுக்க உலர்ந்த டிஎம்எஸ்ஓ திரும்பக் கிடைக்காது, ஆகவே அதில் மறுபடி பிவிடிஎஃபைக் கரைக்க முடியாது.

ஆனால் அந்தப் பாதிச் சுண்டிய கலவையே ஒரு நல்ல உறைதொட்டி ஆகும். நான் முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள்: வெறும் நீர் கடுமையான உறைப்பான், அதனால்தான் தோலும் விரல் வெற்றிடங்களும். தொட்டி நீரில் டிஎம்எஸ்ஓவே 40, 50 விழுக்காடு இருந்தால் பரிமாற்றம் மெதுவாகும், தோல் மெலியும், விரல்கள் மறையும். ஆய்வகத்தில் நாங்கள் இதற்காகப் புதிய கரைப்பானை விலைகொடுத்து வாங்கித் தொட்டியில் கொட்டுகிறோம். டீச்சர் அதைக் குழியில் விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மிக மெதுவாக உறையும்போது பிவிடிஎஃப் சிறு சிறு உருண்டைகளாகப் படிகமாகி, அந்த உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும், விரலால் மடித்தால் பொடியும். ஆகவே தகட்டின்மேல் நேரடியாக வார்க்காமல், நெய்யாத பாலியெஸ்டர் துணியின்மேல் வார்த்தால் தாங்கும். உலர்த்தும்போதும் நீரிலிருந்து நேராக வெயிலில் போடாதீர்கள்; நீர் உலரும்போது துளைச் சுவர்களை உள்ளிழுத்துச் சுருக்கிவிடும். எத்தனாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிறகு நிழலில் உலர்த்துங்கள்.

குலசேகரம் ரப்பர் எழுதியது:

தம்பி, ஒரு கேள்வி விட்டுப்போகிறது. கரைப்பானை இவ்வளவு பார்த்தோம். அந்த பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கே ஃபுளோரின் சேர்ந்தது அல்லவா? எங்கும் அழியாத வேதிப்பொருள்கள் என்று இப்போது பேசப்படும் குடும்பம்தானே அது?

வார்ப்புக்கண்ணாடி எழுதியது:

ஆம், அண்ணாச்சி. 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையிடம் கொடுத்த கட்டுப்பாட்டு முன்மொழிவின் வரையறைக்குள் பிவிடிஎஃபும் வருகிறது. உருவான பிளாஸ்டிக் நீரில் கரையாது, உடலில் ஏறாது என்பது ஒரு பக்கம். அதைத் தயாரிக்கும்போது பயன்படுத்தப்பட்ட துணைப்பொருள்களும், பயன்முடிந்த சவ்வை எரிக்கும்போது வரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் மறுபக்கம். ஆகவே டீச்சரின் மாணவியர் பழைய சவ்வைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தக் கூடாது.

ஃபுளோரின் இல்லாத வழியும் உண்டு. பாலிபுரொப்பிலீனை உருக்கி, மெல்லிய தாளாக்கி, இழுத்து நீட்டினால் படிக அடுக்குகளுக்கிடையே நுண்துளைகள் திறக்கும். அதற்குக் கரைப்பானே வேண்டாம், ஒரு சொட்டுக்கூட. இந்த விவாதம் முழுவதற்கும் நேர்மையான பதில் ஒருவேளை அதுதான். ஆனால் அதற்குத் தேவைப்படும் உருக்குப் பொறியும் இழுபொறியும் கல்லூரி ஆய்வகத்தில் இருக்காது. கண்ணாடித் தகடும் கத்தியும் இருக்கும்.

மணக்குடி டீச்சர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் தேர்வு வந்துவிட்டது.

உறிஞ்சுகுழிக்குப் போகும் குழாயை அடைத்துவிட்டோம். தொட்டி நீர் இப்போது நீல டிரம்மில் சேர்கிறது. உப்பளத்து அண்ணாச்சி சொன்னபடி, மொட்டை மாடியில் கறுப்புத் தட்டு மூன்று வைத்து மேலே கண்ணாடி சாய்த்திருக்கிறோம். ஆவணி வெயில் ஒரு நாள் உண்டு, ஒரு நாள் இல்லை. என்றாலும் பன்னிரண்டு நாளில் இருபது லிட்டர் ஒன்றரை லிட்டராகச் சுண்டியது. அடர்த்தி அளந்தபோது பாதிக்குச் சற்றுக் குறைவாக டிஎம்எஸ்ஓ இருப்பதாகக் கணக்கு வந்தது. போட்டதில் ஒரு பங்கு எங்கோ போயிருக்கிறது. தட்டிலிருந்து ஆவியாகியிருக்கலாம், சவ்வுகளைக் கழுவிய நீரில் விட்டுப்போயிருக்கலாம். அந்தக் கழுவல் நீரையும் இனி டிரம்மில் சேர்க்கிறோம்.

அந்தக் கலவையில் நேற்று நான்கு படலம் இறக்கினோம், பாலியெஸ்டர் துணிமேல். காற்றில் பத்து நிமிடம், ஈரப்பதம் 82 விழுக்காடு. இரண்டு பொடிந்துவிட்டன. இரண்டு நின்றன. எத்தனாலில் ஊறவைத்து உலர்த்தி, ஒரு சொட்டு கிணற்று நீரை மேலே விட்டபோது, சேம்பிலையில் நிற்பதுபோல உருண்டு நின்றது. தகட்டைச் சாய்த்ததும் ஓடி விழுந்தது. இடத்தில் ஈரத்தடம் இல்லை. வெட்டிய ஓரத்தை நுண்ணோக்கியில் வைத்து, நால்வரும் முறை வைத்துப் பார்த்தார்கள். விரல் வெற்றிடம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

அடுத்த வாரம் 60 டிகிரியில் கிணற்று நீரை ஓட்டுகிறோம். முதல் மூன்று நாள் வடிநீரைக் குடிக்க மாட்டோம். செவிலி அக்கா சொன்ன சோதனைக்கு ஒரு போத்தல் தனியே எடுத்து வைக்கிறோம். முடிவு எப்படி வந்தாலும் இங்கேயே எழுதுகிறேன்.